காது கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை

வாசலில் யாரோ வந்து கதவைத் தட்டுகிறார்கள். உள்ளறையிலிருந்து பேத்தி, “தாத்தா, யாரோ தட்டுறாங்க” என்கிறாள். தாத்தா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “என்னத்தக் கட்டுறாங்க?” என்கிறார். அவள் கொஞ்சம் உரக்க, “தட்டுறாங்க தாத்தா, தட்டுறாங்க.” “அதான், எதைக் கட்டுறாங்கன்னு கேக்கறேன்.” மூன்றாம் தடவை அவள் கத்தியே விடுகிறாள். உடனே தாத்தாவுக்குக் கோபம் வந்துவிடுகிறது. “ஏம்மா இப்படிக் கத்துற, எனக்கென்ன காதா கேக்கல?”

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் தாத்தா சொன்னது பொய் இல்லை. பேத்தி பேசியது அவருக்குக் கேட்டது, பேசுவது அவள்தான் என்பது தெரிந்தது, ‘ட்டுறாங்க’ என்ற பகுதி முழுசாகக் காதில் விழுந்தது. விழாமல் போனது ஒரே ஒரு ‘த’. அந்த இடத்தை மூளை தானாகவே ஒரு ‘க’ போட்டு நிரப்பிவிட்டது, நிரப்பியதை அவரிடம் சொல்லவும் இல்லை.

வயதானால் காது மந்தமாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அது எப்படி மந்தமாகிறது என்பதைத்தான் பெரும்பாலும் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறோம். யாரோ வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள், நாம் அதை ஈடுகட்ட சத்தத்தைக் கூட்டினால் போதும் என்று நினைக்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. பழைய ரேடியோக்களில் வால்யூம் தவிர பேஸ், ட்ரெபிள் என்று இரண்டு திருகுகள் இருக்கும். பேஸ் தடித்த ஒலிகளுக்கு, ட்ரெபிள் மெல்லிய கீச்சு ஒலிகளுக்கு. வயது முதலில் கைவைப்பது அந்த ட்ரெபிள் திருகில்தான். ஆரம்பத்தில் பல வருஷங்களுக்கு வால்யூம் திருகைத் தொடுவதே இல்லை.

சரி, கீச்சு ஒலி என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் எண்ணிக்கையில் பார்த்துவிடுவோம். ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்கிறார்கள். குறைவான அதிர்வெண் என்றால் இடி மாதிரி தடித்த ஒலி, அதிகமான அதிர்வெண் என்றால் விசில் மாதிரி கூர்மையான ஒலி. மனிதக் காதின் எல்லை 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். அது குழந்தையின் காதுக்குச் சொன்ன கணக்கு. இருபதுகளிலேயே மேல் எல்லை இறங்கத் தொடங்கிவிடுகிறது. நடுவயதில் 15,000 ஹெர்ட்ஸைத் தாண்டிக் கேட்கிறவர்கள் குறைவு, அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு 10,000, 12,000 ஹெர்ட்ஸே கேட்பதில்லை.

இதைப் படித்ததும் ‘ஐயோ, பாதி காது போச்சே’ என்று பதற வேண்டாம். ஹெர்ட்ஸ் கணக்கில் பாதி என்றால் காதின் கணக்கில் பாதி இல்லை. காது ஒலிகளை இரட்டிப்பு இரட்டிப்பாகத்தான் அளக்கிறது. 20லிருந்து 40 ஒரு படி, 40லிருந்து 80 அடுத்த படி, அப்படியே ஏறினால் 20,000 வருவதற்கு ஏறத்தாழ பத்துப் படிகள் ஆகும். 10,000லிருந்து 20,000 வரையிலான அந்தப் பெரிய தூரம் அதில் கடைசி ஒற்றைப் படி மட்டும்தான். அந்தப் படியில் நமக்குப் பெரிதாக வேலையும் இல்லை. பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸில் முடிந்துவிடுகிறது. அதனால் மேல்படி போவதை யாரும் கவனிப்பதில்லை. தேய்மானம் அதோடு நிற்காமல் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி வருகிறதே, அங்கேதான் சிக்கல்.

மேல்படி போய்விட்டது என்பதைச் சில வினோதமான சந்தர்ப்பங்கள் காட்டிக் கொடுத்துவிடும். குண்டுப் பெட்டி டிவி இருந்த காலத்தில், டிவி ஓடும்போது 15,625 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய ‘ஙீ’ என்ற ஒலி வந்துகொண்டே இருக்கும் (சில நாடுகளின் ஒளிபரப்பு முறையில் 15,734). சத்தத்தை முழுசாகக் குறைத்து வைத்திருந்தாலும், பக்கத்து அறையில் டிவி ஓடுகிறது என்று குழந்தைகள் கண்டுபிடித்துவிடும். பெரியவர்களுக்கு அப்படி ஓர் ஒலி இருப்பதே தெரியாது. இதையே பிரிட்டனில் ஹோவர்ட் ஸ்டேபிள்டன் என்பவர் 2005இல் ஒரு கருவியாக்கினார். கடை வாசலில் கூடி நிற்கும் இளவட்டங்களை விரட்டுவதற்காக 17,400 ஹெர்ட்ஸ் வாக்கில் எரிச்சலூட்டும் ஒலியை எழுப்பும் பெட்டி, பெயர் ‘மஸ்கிட்டோ’. இளைஞர்களுக்கு மட்டும் காதைக் குடையும், பெரியவர்கள் எதுவும் நடக்காததுபோல் உள்ளே போய் வருவார்கள். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அதே மாதிரி ஒலியை ரிங்டோனாக்கி, ஆசிரியருக்குக் கேட்காமல் வகுப்பில் போன் வைத்துக்கொண்டார்கள். 2006இல் அந்தக் கருவிக்கு இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் கிடைத்தது. விரட்டுகிற வேலைக்கு அதைப் பயன்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை, பச்சைக் குழந்தையின் காதையும் அது சேர்த்துத்தானே குடையும்? ஆனால் காதுக்கும் வயதுக்கும் உள்ள உறவை இவ்வளவு பளிச்சென்று காட்டிய வேறு கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர், சுருதியை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகக்கூடிய ஒரு குட்டி விசிலைச் செய்தார். அதைக் கைத்தடியில் பொருத்திக்கொண்டு மிருகக்காட்சிசாலைக்குப் போய், எந்த விலங்கு காதைத் திருப்புகிறது என்று பார்த்தார். மனிதர்களிடம் ஊதிப் பார்த்தபோது, வயது ஏற ஏற மேல் சுருதி கேட்காமல் போவதைக் கவனித்தார். இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு: தங்களுக்கு இப்படி ஒரு குறை இருப்பதே அந்தப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, பக்கத்தில் நிற்கும் இளைஞருக்குக் கேட்பது தனக்குக் கேட்கவில்லை என்றதும் அவர்களுக்குக் கோபம் வந்தது என்று அவர் குறித்து வைத்திருக்கிறார். நம்முடைய தாத்தாவின் கோபத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேலான பாரம்பரியம் இருக்கிறது.

இணையத்தில் ‘உங்கள் காதின் வயது என்ன’ என்று சோதனைகள் கிடக்கின்றன. விளையாட்டாகச் செய்து பார்க்கலாம், பதிலை நம்பாதீர்கள். போனின் சின்ன ஸ்பீக்கர் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒழுங்காக ஒலி எழுப்புமா என்பதே சந்தேகம், நடுவில் புளூடூத் வேறு மேல் ஒலிகளை வெட்டிவிடலாம். கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். கேட்காத ஒலியும் காதைத் தாக்கும்.

இனி உள்ளே போவோம். செவிப்பறை அதிர, அதன் பின்னால் இருக்கும் மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவியில் இருப்பது நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழாய், காக்ளியா என்று பெயர். ஏறத்தாழ இரண்டரைச் சுற்று. சுருளைப் பிரித்து நீட்டினால் மூன்றரை சென்டிமீட்டர்தான் வரும். அதற்குள் திரவம், அந்தத் திரவத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு மெல்லிய சவ்வு, சவ்வின் மேல் வரிசை வரிசையாக மயிரிழைச் செல்கள். செல்லின் தலையில் நுண்ணிய இழைகள் கற்றையாக நிற்பதால்தான் அந்தப் பெயர், தலைமுடிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

இந்தச் சவ்வு ஒரு வாத்தியத்தின் கட்டைகளைப் போல வேலை செய்கிறது. நுழைவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி கீச்சு ஒலிகளுக்கு, போகப் போகத் தடித்த ஒலிகள், நத்தையின் உச்சியில் மிகத் தடித்த ஒலி. எந்த இடம் அதிர்கிறதோ அதை வைத்துத்தான் மூளை சுருதியைக் கண்டுபிடிக்கிறது. சவ்வின் மேல் ஒலி அலை எப்படி ஓடுகிறது என்பதைக் காட்டிய ஜார்ஜ் வான் பெக்கெஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது ஒரு பழைய படிக்கட்டை நினைத்துப் பாருங்கள். மேல்மாடிக்குப் போகிறவனும் முதல் படியை மிதிக்கிறான், நடுமாடிக்குப் போகிறவனும் முதல் படியை மிதிக்கிறான். காக்ளியாவிலும் அப்படித்தான், உச்சிக்குப் போக வேண்டிய தடித்த ஒலியும் வாசல் பகுதியைக் கடந்துதான் போயாக வேண்டும். வாசல் பக்கத்துச் செல்கள் முதலில் தேய்வதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்தச் செல்களின் உள் வேதியியலே கொஞ்சம் பலவீனமானது, அவை சீக்கிரம் பழுதாகும் சுபாவம் கொண்டவை என்பது இன்னொரு காரணம். எது எப்படியோ, முதலில் போவது வாசல், வாசலில் இருப்பது கீச்சு ஒலிகள்.

மயிரிழைச் செல்களில் இரண்டு வகை. ஒரு காதுக்கு உள்வரிசைச் செல்கள் ஏறத்தாழ 3,500, வெளிவரிசைச் செல்கள் ஏறத்தாழ 12,000. இவ்வளவுதான் மொத்த இருப்பு. கண்ணில் ஒளியை வாங்கும் செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், காதின் கஞ்சத்தனம் விளங்கும். இதில் மூளைக்குச் செய்தி அனுப்புவது உள்வரிசை. எண்ணிக்கையில் அதிகமான வெளிவரிசை என்ன செய்கிறது என்றால், ஒலிக்கு ஏற்றபடி நீண்டும் சுருங்கியும் துள்ளுகிறது. அந்தத் துள்ளலில் மெல்லிய அதிர்வு பெரிதாகிறது, அதோடு பக்கத்துப் பக்கத்துச் சுருதிகள் ஒன்றோடொன்று குழம்பாமல் கூர்மையாகப் பிரிகின்றன. காதுக்குள்ளேயே ஓர் ஆம்ப்ளிஃபையர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதலில் சாவது இந்த வெளிவரிசைச் செல்கள்தான்.

செத்தது செத்ததுதான், மறுபடி முளைக்காது. கோழிக்கு முளைக்கும், மீனுக்கு முளைக்கும், நமக்கு இல்லை. பறவைகளின் காதில் இந்தச் செல்கள் திரும்ப வளர்வது 1980களில் தெரியவந்ததிலிருந்து, மனிதக் காதிலும் அதை நடத்திக்காட்ட முயன்றுகொண்டிருக்கிறார்கள், இன்னும் கைகூடவில்லை. கோழியைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்குத் தெரிந்த ஒரே நியாயமான காரணம் இது.

செல்கள் மட்டுமே கதை இல்லை. காக்ளியாவின் ஓரச்சுவரில் ஒரு திசு இருக்கிறது, அதுதான் உட்செவியின் பேட்டரி. திரவத்தில் ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை அது தாங்கிப் பிடிக்கிறது, அந்த மின்சாரத்தில்தான் மயிரிழைச் செல்கள் ஓடுகின்றன. வயதோடு அந்தத் திசுவும் சுருங்கும், பேட்டரி இறங்கும். மூன்றாவதாக, செல்லுக்கும் நரம்புக்கும் நடுவில் இருக்கும் இணைப்புகள். 2009இல் குஜாவா, லிபர்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளிடம் ஒரு சங்கடமான உண்மையைக் கண்டார்கள்: பெருஞ்சத்தத்துக்குப் பிறகு மந்தமான காது சில நாளில் பழையபடி தேறிவிட்டது, சோதனையிலும் சரியாகவே காட்டியது, செல்களும் பத்திரமாக இருந்தன, ஆனால் நரம்பிணைப்புகளில் ஏறத்தாழ பாதி நிரந்தரமாக அறுந்து போயிருந்தன. மனிதர்களிலும், இறந்தவர்களின் உட்செவியை ஆராய்ந்தபோது, செல் இருக்கிற இடத்தில்கூட நரம்பிழைகள் வயதோடு குறைந்துகொண்டே போவது தெரிந்திருக்கிறது. ‘டெஸ்ட்ல எல்லாம் நார்மல்னு சொல்றாங்க, ஆனா கூட்டத்துல பேசினா புரிய மாட்டேங்குது’ என்று சொல்கிறவர்களின் குறைக்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம் என்று இப்போது பார்க்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, தாத்தாவின் ‘த’வுக்குத் திரும்பலாம்.

பேச்சில் உயிர் எழுத்துகள்தான் பலம். ஆ, ஓ, ஊ என்று வாயைத் திறந்து நீட்டும் ஒலிகளின் சக்தி பெரும்பகுதி 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ம, ன போன்ற மூக்கொலிகளும் அந்தப் பக்கம்தான். ஆனால் க, ச, ட, த, ப போன்ற வல்லினம் வேறு ஜாதி. பெயர்தான் வல்லினம், காதுக்கு அவை நோஞ்சான்கள். நாக்கோ உதடோ காற்றை ஒரு கணம் அடைத்து விடுவிக்கும்போது எழும் சின்ன வெடிப்பு, நொடியை நூறாகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்கு நேரம், அதன் அடையாளம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸிலிருந்து மேலே. ‘ஸ்’ என்ற சீறல் இன்னும் உயரத்தில், 4,000க்கு மேல். ஆக, பேச்சின் சத்தம் கீழே இருக்கிறது, பேச்சின் பொருள் மேலே இருக்கிறது.

பத்து, கத்து, சத்து, தத்து. நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தின் அந்தக் கண நேர வெடிப்பை மட்டும் எடுத்துவிட்டால் நாலும் ஒன்றுதான், எல்லாமே ‘அத்து’. கேட்கிறவர் பாடு என்னாகும்? மீதி வாக்கியத்தை வைத்து ஊகிக்க வேண்டும். “எனக்கு இப்போ வயசு _த்து” என்றால் பத்து என்று எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். அறையின் அந்தப் பக்கத்திலிருந்து, முகம் தெரியாமல், முன்பின் இல்லாமல் வந்து விழும் ஒற்றை வாக்கியம் என்றால் என்ன செய்வது? ‘கட்டுறாங்க’தான். பழக்கமில்லாத பெயர்கள், போன் எண்கள், கூட்டத்தில் திடீரென்று மாறும் பேச்சு ஆகியவைதான் முதலில் சறுக்குவதற்கும் இதுவே காரணம், அங்கெல்லாம் ஊகிக்க எதுவும் இருப்பதில்லை. அப்புறம் குழந்தைகளின் பேச்சு. அவர்கள் தொண்டையும் வாயும் சின்னவை, ஒலிகள் எல்லாமே கொஞ்சம் மேலே நகர்ந்திருக்கும், குரலும் மெலிசு. மகன் பேசுவது புரிகிறது, பேத்தி பேசுவது புரியவில்லை என்றால் அதில் ஓரவஞ்சனை இல்லை.

காது பரிசோதனைக்குப் போனால் ஒரு வரைபடம் தருவார்கள், ஆடியோகிராம். பார்க்கப் பயமுறுத்தும், படிக்க எளிது. இடமிருந்து வலமாக 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை சுருதி, மேலிருந்து கீழாக டெசிபல், அதாவது அந்தச் சுருதி உங்களுக்குக் கேட்பதற்கு எவ்வளவு சத்தம் தேவைப்பட்டது என்ற அளவு. கீழே போகப் போக மோசம். சிவப்பு வட்டம் வலக்காது, நீலப் பெருக்கல் குறி இடக்காது. சுழியம் என்பது ஆரோக்கியமான இளைஞர்களின் சராசரி, 20 வரை பொதுவாகக் கவலையில்லை. வயதான காதின் கோடு எப்படி இருக்கும் என்றால், உதாரணத்துக்கு 250இலும் 500இலும் 15 டெசிபல், 1,000இல் 25, 2,000இல் 40, 4,000இல் 60, 8,000இல் 75. பூங்காவில் இருக்கும் சறுக்குமரம் மாதிரி இடப்பக்கம் மேடாகத் தொடங்கி வலப்பக்கம் சரிந்து போகும். இந்த ஆளுக்கு வாசலில் வண்டி வந்து நிற்பது கேட்கும், மேலே நடக்கும் காலடி கேட்கும், உயிர் எழுத்துகள் எல்லாம் அட்டகாசமாகக் கேட்கும். சாதாரணப் பேச்சின் ‘ஸ்’ ஒலி மட்டும் அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இல்லை. இவரிடம் போய் ‘உங்களுக்குக் காது கேட்கிறதா’ என்று கேட்டால் ‘நல்லாக் கேக்குதே’ என்றுதான் சொல்வார். இல்லாத ஒலியை இல்லை என்று ஒருவர் எப்படி உணர முடியும்? ஊரெல்லாம் வாய்க்குள்ளேயே முனகுகிறது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் தெளிவாகப் பேசுவதில்லை என்றுதான் தோன்றும்.

(அதே வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் ஒரு பள்ளம் விழுந்து 8,000இல் கொஞ்சம் ஏறியிருந்தால், அது வயதைவிட இரைச்சலின் கைவரிசையாக இருக்க வாய்ப்பு அதிகம்.)

பேத்தி கத்தியதும் தாத்தாவுக்கு ஏன் எரிச்சல் வந்தது என்பதற்கும் உடலில் காரணம் இருக்கிறது. வெளிவரிசைச் செல்கள் பெருக்கிக் கொடுப்பது மெல்லிய ஒலிகளைத்தான், பலத்த ஒலிக்கு அந்த உதவி தேவையே இல்லை. அந்தச் செல்கள் போனால் மெல்லிய ஒலி மறையும், பலத்த ஒலி பழைய பலத்திலேயே வந்து அறையும். கேட்கவே ஆரம்பிக்காத அளவுக்கும் காது வலிக்கிற அளவுக்கும் நடுவில் முன்பு இருந்த அகலமான மைதானம் இப்போது ஒற்றையடிப் பாதையாகிவிட்டது. ‘கொஞ்சம் சத்தமாப் பேசு’ என்பதும் ‘ஏன் கத்துற’ என்பதும் ஒரே மூச்சில் வருவது அதனால்தான். அதோடு, நாம் கத்தும்போது பெரிதாவது உயிர் எழுத்துகள்தான், ‘த’வை யாராலும் கத்த முடியாது. பேத்தி கத்தியபோது தாத்தாவுக்கு ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது இன்னும் பலமாகக் கேட்டது, கேட்காதது கேட்காததாகவே இருந்தது.

கூட்டத்திலும் இரைச்சலிலும் நிலைமை இன்னும் கஷ்டம். இளம் காது பத்துப் பேர் பேசும் இடத்தில் ஒரு குரலை மட்டும் நூல் பிடித்துக்கொண்டு போகும். சுருதிகளைக் கூர்மையாகப் பிரிக்கும் திறனும், இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்தில் உள்ள நுண்ணிய வித்தியாசத்தைப் பிடிக்கும் திறனும் அதற்கு வேண்டும். இரண்டும் வயதோடு மங்குகின்றன. இதில் காதை மட்டும் குறை சொல்ல முடியாது, வேகமாக மாறும் ஒலிகளைப் பின்தொடர மூளையும் முன்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. ஓட்டை விழுந்த வாக்கியங்களை நாள் முழுக்க ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தால் களைப்பு வரும், களைப்பு வந்தால் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளத் தோன்றும். விசேஷத்துக்கு எல்லோரும் கூடியிருக்கும்போது பெரியவர் மட்டும் ஒதுங்கி உட்கார்ந்திருப்பதற்கு மனத்தாங்கல் என்று நாம் காரணம் கற்பித்துக்கொள்கிறோம், பல நேரம் வெறும் களைப்புதான்.

எல்லோருக்கும் இது ஒரே மாதிரி வருமா? இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 60ஐத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவிக்குறை இருக்கிறது, அப்படியானால் மீதிப் பேர் ஓரளவு சமாளிக்கிறார்கள். பொதுவாகப் பெண்களைவிட ஆண்களுக்குச் சீக்கிரமும் அதிகமாகவும் வருகிறது. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் சேர்ந்தால் மோசமாகும், ஜென்டாமைசின் மாதிரி சில ஆன்டிபயாட்டிக்குகளும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் இந்தச் செல்களை நேரடியாகவே கொல்லக்கூடியவை.

வயதா, வாழ்நாள் முழுக்கக் கேட்ட இரைச்சலா, எது காரணம் என்பது பழைய விவாதம். சாமுவேல் ரோசன் என்ற காது மருத்துவர் தன் குழுவோடு சூடானில் மபான் என்ற மக்களிடையே போய்ச் சோதித்து 1962இல் எழுதினார். துப்பாக்கியோ இயந்திரமோ இல்லாத, மிகவும் அமைதியான வாழ்க்கை அவர்களுடையது. அங்கே முதியவர்களின் காது, தொழில்மயமான நாடுகளின் அதே வயதுக்காரர்களின் காதைவிட வெகு நன்றாக இருந்தது. பிறப்புப் பதிவு இல்லாத இடத்தில் வயதை எப்படிக் கணித்தீர்கள் என்றும், உணவும் பரம்பரையும் காரணமாக இருக்கலாமே என்றும் பின்னால் கேள்விகள் எழுந்தன, நியாயமான கேள்விகள்தான். ஆனாலும் ‘வயது’ என்று நாம் பொத்தாம்பொதுவாகப் பழிபோடுவதில் ஒரு பகுதி சத்தத்தின் கணக்கில் எழுத வேண்டியது என்பதில் இன்றைக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அந்தக் கணக்கை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: 85 டெசிபல் இரைச்சலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வரம்பு, அதற்கு மேல் 3 டெசிபல் ஏறும் ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, இப்படியே போனால் 100 டெசிபலில் கால் மணி நேரம். இயர்போனை முழு வால்யூமில் வைத்தால் அந்த 100ஐச் சுலபமாகத் தொடலாம். இருபது வயதில் செலவழிப்பது அதே 15,500 செல்களைத்தான், அறுபது வயதில் தேவைப்படப் போவதும் அவையேதான்.

ஹியரிங் எய்டைப் பற்றி நிறையப் பேருக்குத் தப்பான எதிர்பார்ப்பு. கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகிவிடுகிறது அல்லவா, அதேபோல் இதைப் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று போய், நாலு நாளில் கழற்றி டிராயரில் போட்டுவிடுகிறார்கள். கண்ணாடி சரிசெய்வது ஒளி குவிவதில் உள்ள கோளாறை, விழித்திரை அப்படியே நன்றாக இருக்கிறது. காதில் பழுதானது அந்த விழித்திரைக்குச் சமமான இடம். இன்றைய டிஜிட்டல் கருவிகள் வெறுமனே சத்தத்தைக் கூட்டுவதில்லை, அவரவர் ஆடியோகிராமைப் பார்த்து எந்தச் சுருதியில் எவ்வளவு குறையோ அங்கே மட்டும் கூட்டுகின்றன, மெல்லியதை அதிகமாகவும் பலத்ததைக் கொஞ்சமாகவும் பெருக்கி, அந்த ஒற்றையடிப் பாதைக்குள் உலகத்தைச் சுருக்கித் திணிக்கின்றன. முதல் வாரம் தட்டு வைக்கும் சத்தமும் காகிதம் கசங்கும் சத்தமும் காதைக் கிழிக்கிற மாதிரி இருக்கும். பல வருஷமாக அந்த ஒலிகளை வாங்காத மூளை மறுபடியும் எதைக் கவனிப்பது, எதைத் தள்ளுவது என்று பழக வேண்டும், அதற்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் ஆகும். தினமும் போட்டால்தான் பழகும். அறவே கேட்காத நிலை வந்து, பிறகு போட்டால் பழகுவது இன்னும் கஷ்டம் என்பதால், சீக்கிரம் போட்டவர்கள்தான் பிழைத்தவர்கள் என்பேன்.

மறதி நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று படித்திருப்பீர்கள். நடுவயதில் செவிக்குறை இருந்தவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மை. காது மெஷின் போட்டால் அதைத் தடுக்கலாமா என்பதை 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரிடம் மூன்று வருஷம் சோதித்து 2023இல் முடிவு வெளியானது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த குழுவில் நினைவும் சிந்தனையும் மங்குவது ஏறத்தாழ பாதி வேகத்துக்குக் குறைந்தது. ‘மெஷின் போடாவிட்டால் புத்தி பேதலித்துவிடும்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் முதல் பாதியைச் சொல்வதில்லை.

மெஷின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேசுகிறவர் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. முதுகுக்குப் பின்னாலிருந்தோ அடுத்த அறையிலிருந்தோ பேசாமல் முன்னால் வந்து நில்லுங்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். ‘ப’வுக்கு உதடு மூடும், ‘த’வுக்கு நாக்கு பல்லைத் தொடும், காது விட்டதில் பாதியைக் கண் பிடித்துக்கொள்ளும். டிவியை நிறுத்துங்கள். கத்த வேண்டாம், சாதாரணக் குரலில் கொஞ்சம் நிதானமாகச் சொன்னால் போதும். ஒரு தடவை சொல்லிப் புரியவில்லை என்றால் அதே சொல்லை நாலு தடவை திருப்பாமல் வாக்கியத்தையே மாற்றிவிடுங்கள். “தட்டுறாங்க” விழவில்லையா, “வாசல்ல ஆள் வந்திருக்காங்க தாத்தா” என்று சொன்னால் வேலை முடிந்தது. ‘ஒண்ணுமில்ல, விடுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மந்தமான காதுக்கும் அந்தத் தொனி நன்றாகக் கேட்கும்.

கடைசியாக, எதையெல்லாம் வயதின் தலையில் கட்டக்கூடாது என்பது. வயதுக் குறை இரண்டு காதிலும் ஏறத்தாழ சமமாக, வருஷக்கணக்கில் மெதுவாக வரும். சில வாரத்தில் மந்தமானால் வெறும் காது அழுக்கு அடைத்திருக்கலாம், மருத்துவர் எடுத்துவிட்டால் அன்றைக்கே சரியாகும் (பட்ஸை விட்டுக் குடைந்தால் இன்னும் உள்ளே போய்த்தான் அடைக்கும்). ஒரு காது மட்டும் மந்தம், சீழ் வடிகிறது, தலை சுற்றுகிறது என்றால் காட்டிவிடுவது நல்லது. காலையில் எழுந்தபோது ஒரு காது திடீரென்று கேட்கவில்லை என்றால் மட்டும் ‘சளியாயிருக்கும், ரெண்டு நாள் பார்ப்போம்’ என்று இருக்காதீர்கள், எந்த வயதானாலும் சரி. அது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குக் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு உண்டு, சில வாரம் கழித்துப் போனால் மருத்துவரால் செய்ய முடிவது மிகக் குறைவு.